முதுகுத்தண்டில் அடிபட்ட என் வீட்டுக்காரர் வீட்டை விட்டு வரவே மாட்டேன் என்கிறார், அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

கேட்பவர்: கடலோரத்தோழி, தண்டையார்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் போட் மெக்கானிக்காக இருந்தவர். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையில் ஏற்றிப் பழுது பார்ப்பார்களே, போன வருடம் அந்தச் சமயத்தில்தான் ஒரு படகில் இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் மேலிருந்து விழுந்துவிட்டார். முதுகில் டி12 எலும்பு நொறுங்கி, ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

நாங்கள் இருப்பது முதல் மாடி, வாடகை வீடு, படி குறுகல். கீழே இறங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குவார், மற்றபடி கட்டில்தான். அவரிடம் தொழில் பழகிய பசங்க வந்து "அண்ணா, சும்மா காத்தாட கடல் பக்கம் போயிட்டு வரலாம் வாங்க" என்று கூப்பிட்டால், உடம்பு சரியில்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். தெருமுனையில் இருக்கும் கேரம் கிளப்பில் அவர் ஆட உட்கார்ந்தால் பார்க்கவே கூட்டம் கூடும். போர்டை மேலேயே கொண்டு வருகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள், அதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

வருகிறவர்கள் எல்லாரும் "தைரியமா இருக்கச் சொல்லும்மா" என்கிறார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன படகுக்கு இன்னொரு படகில் போய் ராத்திரியில் சரிசெய்துவிட்டு வந்தவர் அவர், தைரியம் இல்லாத ஆள் கிடையாது. அதனால்தான் எனக்குப் புரியவில்லை. இப்படி அடிபட்டவர்கள் எதிலிருந்து ஆரம்பித்துத் திரும்ப நாலு பேரோடு கலந்தார்கள்? பெண் எட்டாவது படிக்கிறாள். நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன், கையில் பெரிதாகப் பணம் இல்லை.

பதில்: சக்கரத்தில்தான், திருவொற்றியூர்

தங்கச்சி, நானும் முதுகுத்தண்டில் அடிபட்டவன்தான், பல வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவர் சிறுநீர் எப்படிப் போகிறார்? மலம் எப்படிப் போகிறார்? நீ எழுதியதில் படி வந்திருக்கிறது, கேரம் வந்திருக்கிறது, இது ஒரு வார்த்தைகூட வரவில்லை. எங்களைப் போல அடிபட்டவர்களில் வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், முக்கால்வாசிப் பேரைக் கட்டிப்போட்டது கால் இல்லை, இதுதான். நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது பேண்ட் நனைந்துவிட்டால், வாசனை வந்துவிட்டால் என்கிற பயம். அதை ஆம்பிளை வாயைத் திறந்து பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். உடம்பு சரியில்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அதனால் "வெளியே வா, வெளியே வா" என்று யாரையும் இப்போதைக்குக் கூப்பிட விடாதே. முதலில் இந்த இரண்டையும் ஒரு கட்டுக்குள் கொண்டு வரவேண்டும். அது முடியும், எனக்கு முடிந்திருக்கிறது. மலத்துக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில். சாப்பிட்டவுடன் குடல் தானாக வேலை செய்யும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு அதே நேரத்துக்கே தினமும் உட்கார வைத்தால் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். அதற்கு அப்புறம் நாள் முழுக்க அந்தப் பயம் இருக்காது. சிறுநீர் விஷயம் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது எப்படி என்று சொல், தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கடலோரத்தோழி

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. டியூப் போட்டுப் பை மாட்டியே விட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரி ஓபி வரிசையில் பை கழன்று தரையெல்லாம் ஆகிவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அதற்கு அப்புறம்தான் இப்படி ஆனார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். நான் மருந்தால் நாக்கு கசக்கிறது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில்: பிசியோ அக்கா, ராயபுரம்

தண்ணீரைக் குறைப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கம்மா. குறைத்தால் கசிவு குறையும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சிறுநீர் கெட்டியாகித் தொற்று வரும், கல் சேரும், கடைசியில் கிட்னி வரை போகும். சிறுநீர் கலங்கலாக இருந்து நாற்றம் எடுத்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

டி12 என்றால் அவர் இரண்டு கையும் முழுப் பலத்தோடு இருக்கும். இப்படிப்பட்டவர்கள் எப்போதும் டியூப் மாட்டியே இருக்க வேண்டியதில்லை, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, மெல்லிய குழாயைத் தானே விட்டுக் காலி செய்துவிட்டு எடுத்துவிடலாம். ஆஸ்பத்திரியில் சிஐசி என்பார்கள். ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லிக்குள் இருக்கிற மாதிரி தண்ணீரையும் நேரத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு வெளியில் ஆணுறை மாதிரி மாட்டும் குழாயும் உண்டு, கெண்டைக்காலில் பையைக் கட்டி மேலே பேண்ட் போட்டால் யாருக்கும் தெரியாது. எது அவருக்கு ஒத்துவரும் என்பது வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது, அதனால் யூராலஜியில் போய் "சிஐசி கற்றுக்கொடுங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் அவர்களாகச் சொல்ல நேரம் இருக்காது. கற்றுக்கொள்ள வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மனைவி செய்ய ஆரம்பித்துவிட்டால் மனைவி தையல் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அவர் திரும்பக் கட்டிலுக்குத்தான் போவார்.

அப்புறம் புண். உணர்ச்சி இல்லாத இடத்தில் எலும்பு அழுத்தினால் தோல் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும், வெளியே தெரியும்போது ஆழமாகியிருக்கும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும். நாற்காலியில் அரை மணிக்குள் ஒருமுறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும், அல்லது முன்னால் குனிந்து ஒரு நிமிஷமாவது அப்படியே இருக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ஒரு கைக்கண்ணாடியில் வால் எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால் எல்லாம் அவரே பார்க்கட்டும். சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் அந்த இடத்தில் பாரம் கொடுக்கவே கூடாது. மெக்கானிக் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: சூடான சைலன்சர், வெயிலில் காய்ந்த இரும்புத் தகடு, மடியில் வைக்கிற டீ கிளாஸ், எது சுட்டாலும் அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த அப்புறம்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்க 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள். தங்கிப் பழக வேண்டுமென்றால் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், இல்லை வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம். பாகாயத்தில் 1966இல் அது வரக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸே 1954இல் ஒரு விபத்தில் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர் அவர். கை வேலை தெரிந்தவருக்கு இதைச் சொல்லலாம், அவருக்கு உறைக்கும்.

பதில்: வியாசர்பாடி வீட்டம்மா

அக்கா, நானும் உங்க மாதிரிதான், என் வீட்டுக்காரருக்கு லாரியில் அடிபட்டு முதுகு போச்சு. இப்போ அவர் வீட்டு வாசலிலேயே மிக்சி, கிரைண்டர், மோட்டாருக்கு உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கட்டுகிறார்.

முதல் மாடியை விட்டு வாங்க அக்கா. என்ன மருத்துவம் பார்த்தாலும் கீழே இறங்க இரண்டு ஆள் தயவு வேண்டும் என்றால் மனுஷன் எதற்கு இறங்குவார், சொல்லுங்கள். கீழ் வீடாகப் பார்த்து, ஓனரிடம் முன்கூட்டியே பேசி, கழிவறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டுக்கொள்ளுங்கள், கதவு உள்ளே திறப்பதால்தான் பாதி வீட்டில் நாற்காலி நுழையாமல் போகிறது. இந்தியன் கிளாசெட் மேலேயே நடுவில் ஓட்டை போட்ட இரும்பு நாற்காலி ஒன்று வெல்டிங் கடையில் செய்துவிடலாம், உட்காரும் இடத்தில் ஸ்பாஞ்ச் கண்டிப்பாக வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதிலேயே புண் வரும். வாசல்படிக்கு, வழுக்காமல் மேடு மேடாக இருக்கும் இரும்புத் தகட்டில் (செக்கர் பிளேட்) சறுக்குப் பலகை. படி அரை அடி உயரம் என்றால் பலகை 6 அடி நீளம் இருக்க வேண்டும், அப்போதுதான் அவரே தள்ளி ஏற முடியும். தெருவில் அவ்வளவு இடம் ஏது என்பீர்கள், எங்களுடையது கீல் போட்டது, வேலை முடிந்ததும் தூக்கிச் சுவரோடு சாய்த்து வைத்துவிடுவோம், பைக் ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வருவதில்லை.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நீங்கள் தூக்காதீர்கள். வழுவழுப்பான பிளைவுட் பலகை ஒன்றை இரண்டுக்கும் நடுவில் வைத்து அவரே நகரட்டும், கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் இடுப்பு போனால் உங்கள் வீடே உட்கார்ந்துவிடும்.

மழைக்காலம் இன்னொரு கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் கரண்ட் போய், புண் வராமலிருக்கப் போட்ட, கரண்டில் ஓடுகிற காற்று மெத்தை மொத்தமும் தட்டையாகிவிட்டது, தெருவில் தண்ணீர், மருந்துக்கடை திறக்கவில்லை. ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே குழாய், மருந்து, டயப்பர், டார்ச் எல்லாம் பத்து நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், அந்த மெத்தையை மட்டும் நம்பாமல் ஒரு நல்ல பஞ்சு மெத்தையும் இருக்கட்டும்.

நீங்களும் ஒரு மனுஷி என்பதை மறக்காதீர்கள் அக்கா. வாரத்தில் ஒரு சாயங்காலம் மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அவரும் "நான் இல்லாமல் இவள் இருக்க முடியும்" என்று பயப்பட மாட்டார், "இவள் இல்லாமல் நான் இரண்டு மணி நேரம் இருந்தேன்" என்றுதான் நினைப்பார். இன்னொன்று, புருஷன் பெண்டாட்டி வாழ்க்கை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கும் மறுவாழ்வு டாக்டரிடம் வழி இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள்.

பதில்: மனு எழுதுபவன், பழைய வண்ணாரப்பேட்டை

சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையில் நடந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 1923லிருந்தே இருக்கிறது. அதற்கு மனு போடக் காலக்கெடு இருக்கிறது, உங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது அம்மா, இதை முதலில் செய்யுங்கள். படகு உரிமையாளர் நல்லவர், ஆஸ்பத்திரி செலவு கொடுத்தார் என்பதற்காக விடாதீர்கள், அது வேறு, இது வேறு. வக்கீலுக்குப் பணம் வேண்டாம், மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி 1987 சட்டப்படி உரிமை, உயர்நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் எதுவும் நகராது, அதற்கு இன்றைக்கே விண்ணப்பம். பிறகு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, பக்கச் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டர், பேட்டரி நாற்காலி எல்லாவற்றுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு. வாரிய வீட்டுக்கும் போடுங்கள், 2016 சட்டத்தில் வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, மனுவில் தரைத்தளம் என்று தனியாக எழுதுங்கள். எல்லா மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

பதில்: பெரம்பூர் பெண்

எனக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம், நாற்காலியில்தான் மின்ட் பக்கம் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதப் போகிறேன். மேலே எல்லாரும் சொன்னது சரி, ஒரே ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து. கீழ் வீடு பார்ப்பதற்காக ரொம்பத் தள்ளி, மணலி, மாதவரம் என்று போய்விடாதீர்கள். அவரைத் தெரிந்த தெருவை விட்டுப் போனால் அவர் "அந்த வீல்சேர்காரர்" ஆகிவிடுவார். உங்கள் தெருவில் அவர் இன்னும் போட் மெக்கானிக், கேரம் ஆடுகிறவர். வாடகை ஆயிரம் ரூபாய் கூட வந்தாலும் அதே தெருவில் பாருங்கள். முன்பின் தெரியாத இடத்தில் நான் சிக்னலில் நின்றால் கையில் காசு திணிக்கிறார்கள், வேண்டாம் என்றால் கோபப்படுகிறார்கள். கடைத் தெருவில் அதே என்னிடம் "பாப்பா, அந்த பில் பாரு" என்று அதட்டுகிறார்கள். அந்த அதட்டலில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கேரம் கிளப்பைப் பற்றி எழுதினீர்களே, அதை விடவே விடாதீர்கள். நாற்காலியில் இருப்பவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசமே இல்லாத ஆட்டம் அது, எல்லாருமே உட்கார்ந்துதான் ஆட வேண்டும், ஆட்டம் நடக்கும்போது யாரும் நாற்காலியை நகர்த்தவும் கூடாது. கைப்பிடி கழற்றுகிற மாதிரி சக்கர நாற்காலியாக இருந்தால் போர்டுக்கு ஒட்டி உட்காரலாம், இல்லையென்றால் கைப்பிடி ஸ்டாண்டில் இடித்துத் தள்ளியே நிற்கும், ஷாட் சரியாக வராது. 2024இல் அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தானே, இந்த ஆட்டத்துக்கு நம்ம ஏரியாவில் இருக்கிற மரியாதை வேறு எங்கே கிடைக்கும்?

நாற்காலி பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மடக்கு நாற்காலி இன்னொருவர் தள்ளுவதற்குச் செய்தது. அவர் இடுப்பளவு எடுத்து, முதுகுச் சாய்வு தாழ்வாக, லேசானதாக இருந்தால் அவரே தள்ளிக்கொண்டு போவார். ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சியில் உருவான நியோஃப்ளை நாற்காலி அப்படி அளவெடுத்துச் செய்வது, முன்னால் நியோபோல்ட் என்கிற மோட்டார் இணைப்பை மாட்டினால் ரோட்டில் வண்டி மாதிரி ஓடும். விலை நமக்கு அதிகம், இழப்பீட்டுப் பணம் வந்தால் முதல் செலவாக இதை வையுங்கள்.

தண்டையார்பேட்டையில் இருப்பது ஒரு நல்ல விஷயம், 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டியதிலிருந்து லிஃப்டில் இறங்கி ரயிலுக்குள் நேராகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம், தளமும் பெட்டியும் ஒரே மட்டம். டவுன் பஸ்ஸில் நமக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை, ஆனால் பழைய பஸ்ஸில் ஏறுவது எப்படி? 2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து விட்ட தாழ்தள மின்சாரப் பஸ்ஸில்தான் நான் முதல்முறை யாரும் தூக்காமல் ஏறினேன். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும்தான் கொடுமை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை நடைபாதையில் பாதி இடத்தில் டிரான்ஸ்பார்மர், மீதி இடத்தில் பைக். அதற்கு நான் மாநகராட்சிக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சக்கரத்தில்தான், திருவொற்றியூர்

பெரம்பூர் தங்கச்சி சொன்னதுதான் சரி, தெருவை விடாதீங்க. தொழிலைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். படகின் மேல் ஏறி இன்ஜின் இறக்குவது முடியாது, சரி. டீசல் பம்ப், நாசில் சர்வீஸ் மேஜையில் வைத்துச் செய்கிற வேலைதானே? பழகின பசங்க கழற்றிக்கொண்டு வரட்டும், அவர் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யட்டும். இதை நீ சொல்லாதே, அந்தப் பசங்களில் ஒருத்தன் உண்மையிலேயே ஓடாத ஒரு பம்பைக் கொண்டு வந்து "அண்ணா, இது எனக்குப் பிடிபடல" என்று கேட்கட்டும்.

கடலோரத்தோழி

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அண்ணா எழுதின முதல் பதிலை அவரிடமே போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "இந்த ஆள் நம்பர் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். அண்ணா, தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவரோடு பேசுவீர்களா? யூராலஜி ஓபிக்கு வருகிற வாரம் போகிறோம். எதிர் வரிசையில் ஒரு கீழ் வீடு காலியாகிறது, போய்ப் பார்க்கும்போது எதை எதை அளக்க வேண்டும்?

வியாசர்பாடி வீட்டம்மா

அக்கா, டேப் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் நாற்காலியின் மொத்த அகலம், சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை, பெரும்பாலும் 24, 25 அங்குலம் வரும். எல்லாக் கதவுக்கும் உள் அளவு அதைவிட நாலைந்து அங்குலமாவது கூட இருக்க வேண்டும், கழிவறைக்கு நேராக நுழைய முடியாமல் திரும்பி நுழைவதாக இருந்தால் இன்னும் கூட வேண்டும். வாசல்படி உயரம், கழிவறைப் படி உயரம், கட்டில் போட்டபின் பக்கத்தில் நாற்காலி திரும்ப 5 அடி இருக்கிறதா என்பது, இதெல்லாம் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் மழை பெய்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று ஓனரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.